தபால்காரர் கொண்டுவந்த 13 பாட்டு

"நான் ஒரு கிழவி" என்று ஒரு பெண் பேசத் தொடங்குகிறாள். சமையலறையில் ஈக்கள் ரீங்காரமிடுவது அவள் காதில் விழுகிறது. காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்பும் மனிதனுக்கு அவளிடம் சொல்ல ஒரு வார்த்தைகூட இல்லையே, அது எப்படி முடியும் என்று கேட்கிறாள். பழைய காதலன் ஒருவனை நினைத்துக்கொள்கிறாள். இங்கிருந்து தன்னைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தேவதை வராதா என்கிறாள். இதையெல்லாம் அவள் குரலாகப் பாடுபவர் 24 வயது ஆண். கொஞ்ச காலம் முன்புவரை சிகாகோவின் புறநகர்த் தெருக்களில் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்.

பாட்டின் பெயர் 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி'. பாடியவர் ஜான் ப்ரைன். 1971-இல் அவர் பெயரையே தலைப்பாக வைத்து வெளிவந்த முதல் ஆல்பத்தில் இது இருக்கிறது. 13 பாட்டு, முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. முதல் தடவை கேட்டபோது அந்த உச்சரிப்பில் பாதி வார்த்தைகள் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி தூங்கப் போகும் முன் மூன்று முறை கேட்டேன். பல வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் ஒரு நாள் மனசு சரியில்லை என்றால் கை தானாக இந்த ஆல்பத்தைத்தான் தேடிப் போகிறது. அது ஏன் என்று யோசித்துப் பார்த்ததில் கிடைத்த பதில், அந்தப் பாட்டுகள் எங்கிருந்து வந்தன என்பதில் இருந்தது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் 'ஃபோக்' என்றும் 'கன்ட்ரி' என்றும் தனித்தனியாகச் சொல்லப்படும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். தெற்கு மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலைப்பகுதிகளிலும் பாடப்பட்ட கதைப்பாடல்கள், தேவாலயப் பாட்டுகள், கறுப்பின மக்களின் ப்ளூஸ், ஃபிடிலும் பாஞ்சோவும் சேர்ந்த நடன இசை, எல்லாம் கலந்த ஒரே ஊற்று அது. 1927-இல் டென்னசி-வர்ஜீனியா எல்லையில் இருக்கும் பிரிஸ்டல் என்ற ஊரில் கார்ட்டர் குடும்பத்தாரையும் ஜிம்மி ராஜர்ஸையும் ஒரு கம்பெனி இசைத்தட்டில் பதிவு செய்தது. அதன் பிறகு அந்த இசையின் ஒரு கிளை வானொலி வழியாக, நாஷ்வில் வழியாகத் தொழிலாக வளர்ந்தது. அதுதான் கன்ட்ரி. இன்னொரு கிளை நகரங்களின் காபிக் கடைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனது. 1960-களில் போர் எதிர்ப்பும் சிவில் உரிமைப் போராட்டமும் அதோடு சேர்ந்துகொண்டன. அதற்கு ஃபோக் என்ற பெயர் நிலைத்தது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நாட்களில் கன்ட்ரி கேட்பவர்கள் ஒரு கட்சி, ஃபோக் கேட்பவர்கள் எதிர்க்கட்சி என்று பார்க்கிற நிலைமை வந்துவிட்டது.

ப்ரைனின் வீட்டில் இந்தப் பிரிவினைக்கு இடமில்லை. அவர் பிறந்தது 1946-இல், சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற தொழிற்சாலை ஊரில். ஆனால் அப்பா, அம்மா இருவருக்கும் பூர்வீகம் கென்டக்கி மாநிலத்தின் மேற்கே உள்ள முலன்பர்க் கவுண்டி. நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பூமி. அங்கே சுரங்கத்தை விட்டால் வேறு பிழைப்பு குறைவு. அதனால் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வடக்கே சிகாகோ, டெட்ராய்ட் ஆலைகளுக்குப் போயின. ப்ரைனின் அப்பாவும் அப்படி வந்தவர்தான். ஆலையில் 'டூல் அண்ட் டை' வேலை, அதாவது இயந்திரங்களுக்கான கருவிகளும் அச்சுகளும் செய்யும் வேலை செய்தார், தொழிற்சங்கத்தில் பொறுப்பில் இருந்தார். பிள்ளைகள் வடக்கே பிறந்து வளர்ந்தாலும் கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர். வீட்டு ரேடியோவில் ஹேங்க் வில்லியம்ஸும் ராய் அகஃபும். தெற்கிலிருந்து வந்த தொழிலாளிகள் வேலை முடிந்து ஒதுங்கும் மதுக்கடைகளில் ஜூக்பாக்ஸ் இருக்கும். காசு போட்டுப் பாட்டைத் தேர்ந்தெடுத்தால் ஓடும் அந்தப் பெட்டியில் ஊர்ப்பாட்டுகள் கிடைக்கும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஊர் என்பது பாதி அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

ஆகவே இந்த ஆல்பத்தில் கேட்கும் கன்ட்ரி, மேலே தடவிய வாசனை அல்ல. அது வீட்டுப் பேச்சு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதே அதுதான். தான் பாடும் மனிதர்களை மேலே நின்று பார்க்காமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க அவரால் முடிந்ததற்கு அந்த வீட்டுப் பேச்சுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அவருடைய கிட்டாரிலும் அதே ஊர் இருக்கிறது. கவனித்துக் கேட்டால், கட்டைவிரல் தடித்த தந்திகளில் இரண்டு சுரங்களை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே போகும், ரயில் தண்டவாளத்தில் சக்கரம் போவதுபோல, நிற்காமல். மற்ற விரல்கள் அதற்கு மேலே மெல்லிய தந்திகளில் மெட்டை எடுத்துவிடும். ஒரே ஆள் தாளத்தையும் மெட்டையும் பார்த்துக்கொள்ளும் வித்தை இது. இந்தப் பாணியை உலகம் அறியச் செய்த மெர்ல் டிராவிஸ் 1917-இல் பிறந்தது இதே முலன்பர்க் கவுண்டியில். பாடகர்களான எவர்லி சகோதரர்களின் அப்பா ஐக் எவர்லியும் அந்த வட்டாரத்து ஆள். அவர்களுக்கெல்லாம் முன்னோடியாகச் சொல்லப்படுபவர், அந்தச் சுரங்கப் பகுதிகளில் வாசித்துத் திரிந்த ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். ப்ரைனுக்கு 14 வயதில் கிட்டார் சொல்லிக்கொடுத்தது அண்ணன் டேவ். அப்புறம் சிகாகோவின் ஓல்ட் டவுன் நாட்டுப்புற இசைப் பள்ளியில் கொஞ்ச காலம் கற்றார். அண்ணனிடம் பழைய கார்ட்டர் குடும்பத்துப் பாட்டுகள், பள்ளியில் நகரத்து ஃபோக். பிரிந்துபோன இரண்டு கிளையும் ஒரு பையனின் விரலில் மறுபடி ஒன்று சேர்ந்தன.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தபால்காரர் வேலை. இடையில் 1966-இல் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது. அவருடைய வயதுப் பையன்கள் வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தபோது இவரை மேற்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு. திரும்பி வந்து மறுபடி அதே தபால் பை. சிகாகோ குளிரில் தெருமுனைகளில் இரும்புப் பெட்டிகள் நிற்கும். வேன் வந்து அன்றைய தபால் கட்டுகளை அதில் போட்டுவிட்டுப் போகும், தபால்காரர்கள் எடுத்துப் பட்டுவாடா செய்வார்கள். காற்று பொறுக்க முடியாதபோது அந்தப் பெட்டிக்குள் புகுந்துகொண்டு சாண்ட்விச் சாப்பிட்டபடி பாட்டு யோசித்ததாக ப்ரைன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். தினமும் ஒரே தெரு, ஒரே கதவுகள். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்குக் கடிதமே வருவதில்லை என்பது தபால்காரருக்குத் தெரியும்.

1970-இல் சிகாகோ ஆர்மிட்டேஜ் அவென்யூவில் இருந்த 'ஃபிஃப்த் பெக்' என்ற சின்ன இடத்தில் முதல் தடவையாக மேடை ஏறினார். 'சாம் ஸ்டோன்', 'ஹலோ இன் தேர்', 'பேரடைஸ்'. பாடி முடித்ததும் ஒரு சத்தமும் இல்லை. சொதப்பிவிட்டோம் என்று நினைத்துக் காலை மாற்றி மாற்றி வைத்து நெளிந்துகொண்டு நின்றாராம். அப்புறம்தான் கைதட்டல் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபர் 9-ஆம் தேதி, சினிமா விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 'சிகாகோ சன்-டைம்ஸ்' பத்திரிகையில் "பாடும் தபால்காரர்" பற்றி எழுதினார். பார்க்கப் போன படத்தைப் பாதியில் விட்டு வெளியே வந்து, தற்செயலாக நுழைந்த இடத்தில் கேட்ட கச்சேரி அது. மறுநாள் ப்ரைனுக்கு 24 வயது நிறைந்தது.

அடுத்து நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. நண்பர் ஸ்டீவ் குட்மன் ஒருநாள் நடுராத்திரியில் பாடகரும் பாடலாசிரியருமான கிரிஸ் கிறிஸ்டோபர்சனை அழைத்துக்கொண்டு வந்தார். கடை மூடும் நேரம், நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்தாகிவிட்டது. காலி அறையில் ப்ரைன் பாடினார். கேட்ட பாட்டுகளையே மறுபடி பாடச் சொன்னார் கிறிஸ்டோபர்சன். பிறகு நியூயார்க்கில் தன் மேடையில் அவரை ஏற்றிவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்தின் ஜெர்ரி வெக்ஸ்லர் அடுத்த நாளே ஒப்பந்தம் கொடுத்தார். ஆல்பத்தின் அட்டைக் குறிப்பை எழுதியவரும் கிறிஸ்டோபர்சன்தான். 24 வயதுப் பையன் 220 வயதுக்காரனைப்போல எழுதுகிறான் என்று அதில் வியந்திருக்கிறார்.

பதிவு மெம்ஃபிஸில், அமெரிக்கன் சவுண்ட் ஸ்டூடியோவில். 1969-இல் எல்விஸ் பிரெஸ்லி திரும்பி எழுந்து நிற்கக் காரணமான பாட்டுகள் பதிவான இடம். அந்த ஸ்டூடியோவின் வாத்தியக் குழுவே இவருக்கும் வாசித்தது: கிட்டாரில் ரெஜ்ஜி யங், ஆர்கனில் பாபி எமன்ஸ், பியானோவில் பாபி வுட், பேஸில் மைக் லீச், டிரம்ஸில் ஜீன் கிறிஸ்மன். பெடல் ஸ்டீல் கிட்டாரில் லியோ லெபிளாங்க். தயாரித்தவர் இஸ்தான்புல்லில் பிறந்த அரிஃப் மார்டின், ஆரீத்தா ஃபிராங்க்ளினோடு வேலை செய்தவர். இத்தனை பெரிய ஆட்களுக்கு நடுவில், தனியாகக் கிட்டார் தட்டிப் பழகிய ஒரு பையன். பயந்துபோய்த்தான் பாடினேன் என்று பின்னால் சொன்னார். அது குரலில் தெரிகிறது. கொஞ்சம் மூக்கால் வரும், இறுகிய குரல். சில பாட்டுகளில் பின்னணி தேவைக்கு மேல் நிரம்பியிருப்பதாக எனக்கும் தோன்றியிருக்கிறது. 'ப்ரிட்டி குட்', 'ஃப்ளாஷ்பேக் ப்ளூஸ்' இரண்டையும் நான் அதிகம் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பயந்த குரல்தான் 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி'யைக் காப்பாற்றுகிறது என்பேன். தேர்ந்த பாடகர் அந்த இடத்தில் உருகியிருப்பார். இவர் உருகவில்லை, சொல்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு பாட்டிலும் முதியவர்கள் வருகிறார்கள். 'ஹலோ இன் தேர்'. வயதான தம்பதி. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஒரு மகன் கொரியப் போரில் செத்துப்போனான், எதற்காக என்று இன்றைக்கும் விளங்கவில்லை. கணவனும் மனைவியும் பேசிக்கொள்வது குறைந்துவிட்டது. பழைய சிநேகிதனுக்கு போன் போடலாம், ஆனால் என்ன விசேஷம் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதானே சொல்ல வேண்டும்? பையனாக இருந்தபோது ப்ரைன் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேப்பர் போட்டிருக்கிறார். அங்கே இருந்த சிலர், பக்கத்தில் இருப்பவர்களிடம் இந்தப் பேப்பர் போடும் பையனைத் தங்கள் சொந்தக்காரப் பிள்ளை என்று காட்டிக்கொள்வார்களாம். பல வருஷம் கழித்து அது பாட்டாக வந்தது. பாட்டில் யாரும் அழுவதில்லை. மரங்கள் வயதாக ஆக உறுதியாகின்றன, பழைய ஆறுகள் நாளுக்கு நாள் முரட்டு வேகம் கொள்கின்றன, வயதானவர்கள் மட்டும் தனிமைப்பட்டுப் போகிறார்கள் என்று போகும் அதன் பல்லவி. வழியில் அப்படி யாரையாவது பார்த்தால், உள்ளே இருப்பவர்களே, வணக்கம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள் என்று முடியும்.

இருபது வயதுகளின் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பாட்டை அவர் 70 வயது தாண்டியும் மேடைகளில் பாடினார். 1998-இல் கழுத்தில் புற்றுநோய், அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு. குரல் கரகரத்துத் தாழ்ந்துவிட்டது. பழைய பாட்டுகளையெல்லாம் சுருதி இறக்கிப் பாடவேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பதிவில் 'ஹலோ இன் தேர்' கேட்டால் பாட்டே இந்தக் குரலுக்காகத்தான் காத்திருந்ததோ என்று தோன்றும். 1971 பதிவைக் கேட்டுவிட்டு உடனே அதைக் கேளுங்கள்.

'சாம் ஸ்டோன்' பற்றிச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைக் கடக்க முடியாது. போரிலிருந்து காயத்தோடும் பதக்கத்தோடும் திரும்பிய ஒருவன் வலிக்கு மார்ஃபினில் தொடங்கி, போதைக்கு அடிமையாகிச் செத்துப்போகிறான். கதை அவ்வளவுதான். ஆர்கன் சாவு வீட்டுத் தேவாலயம்போல மெதுவாக ஒலிக்கிறது. பல்லவியில் குரல் மாறிவிடுகிறது, பேசுவது அவனுடைய குழந்தை. அப்பாவின் கையில் ஒரு ஓட்டை இருக்கிறது, காசெல்லாம் அதற்குள் போகிறது என்கிறது குழந்தை. ஊசி என்ற சொல் அதற்குத் தெரியாது. வீட்டில் காசு இல்லை என்பது தெரியும், அப்பா கையைப் பார்த்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து அதுவாக ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டது. பிள்ளைகள் பிறர் கொடுத்த துணிகளைப் போட்டுக்கொண்டு ஓடியாடினார்கள் என்று இன்னோரிடத்தில் ஒரு வரி. வறுமை என்ற வார்த்தையே வராது. ஏசு செத்தது வீணோ என்று பல்லவியில் வரும் வரியைப் பாட கன்ட்ரிப் பாடகர் ஜானி கேஷ் தயங்கி, அதை மாற்றித்தான் பாடினார். ஒரு பக்திமான் அந்த இடத்தில் திகைத்து நின்றதில் எனக்கு ஆச்சரியமில்லை. அந்த வரி அங்கே தேவைப்படுவதும் எனக்குப் புரிகிறது.

போரைப் பற்றிய இன்னொரு பாட்டு துள்ளலாக இருக்கும். 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' பத்திரிகை இலவச இணைப்பாக அமெரிக்கக் கொடியின் ஸ்டிக்கரைக் கொடுத்தது. அதை வீடு வீடாகப் பட்டுவாடா செய்தவர்களில் ப்ரைனும் ஒருவர். சில நாளில் தெருவில் எங்கு பார்த்தாலும் அந்த ஸ்டிக்கர். அதை ஒட்டினால் மட்டும் சொர்க்கத்துக்கு வழி கிடைக்காது என்று கன்ட்ரி மெட்டிலேயே பாடினார். போரை எதிர்த்தவர்கள் ஃபோக் மேடையில் நின்று கன்ட்ரிக்காரர்களைத் திட்டிய காலத்தில், இவர் கன்ட்ரிக்காரர்களின் மொழியிலேயே, அவர்கள் வீட்டுப் பிள்ளையாக நின்று கேட்டார். சொந்தக்காரர் கேட்கும் கேள்வி அது.

இனி 'பேரடைஸ்'. முலன்பர்க் கவுண்டியில் கிரீன் ஆற்றங்கரையில் உண்மையிலேயே அந்தப் பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. ப்ரைனின் அப்பாவுக்கு அதுதான் ஊர். அந்த வட்டாரத்தில் பீபாடி நிலக்கரி நிறுவனம் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியது. பூமிக்குள் இறங்காமல், மேலே இருக்கும் மரம், மண், பாறை எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு நிலக்கரியை அள்ளும் முறை அது. 1962-இல் அங்கே கொண்டுவந்து நிறுத்திய ராட்சத மண்வாரி ஒரு வாய்க்கு 115 கன கெஜம் மண் அள்ளும், உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்பட்டது. பக்கத்திலேயே டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் அனல் மின் நிலையம் கட்டி 1963-இல் ஓடவிட்டது. சாம்பல் ஊர் முழுவதும் படிந்தது. கடைசியில் ஆணையமே வீடுகளை விலைக்கு வாங்கி 1967 வாக்கில் ஊரை இல்லாமல் ஆக்கியது. ராணுவத்தில் இருந்த மகனுக்கு அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டை அப்பா அனுப்பிவைத்தார்.

பாட்டில் ஒரு பையன் கேட்கிறான்: அப்பா, என்னைக் கிரீன் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறாயா? அப்பா சொல்கிறார்: நீ கேட்க லேட்டாகிவிட்டது மகனே, பீபாடியின் கரி ரயில் அதை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. ஊரை அழித்தது நாங்கள் அல்ல என்று பீபாடி பின்னாளில் ஒரு மறுப்பு வெளியிட்டது. இந்தப் பாட்டைப் பதிவு செய்யத் தேவையான மின்சாரத்துக்கும் நாங்கள் கரி கொடுத்திருப்போம் என்று அதில் எழுதினார்கள். ஊரை வாங்கியது மின் ஆணையம் என்பது சரிதான். ஆனால் அந்த மின் நிலையம் அங்கே வந்ததே பக்கத்து மண்ணில் கரி கிடந்ததால். அந்தப் பாட்டில் ஆவணத் துல்லியத்தை நான் எதிர்பார்க்கவில்லை, ஊரை இழந்த ஒருவர் தன் மகனுக்கு எப்படிச் சொல்வாரோ அப்படித்தான் அதில் இருக்கிறது. 2015-இல் வயோமிங் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்றில் எதிர்த்தரப்பின் மனுவில் மேற்கோளாக இருந்த இந்தப் பாட்டு வரிகளை நீக்கச் சொல்லி பீபாடி கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ஆல்பத்தில் மெம்ஃபிஸில் பதிவாகாத ஒரே பாட்டு இது. நியூயார்க்கில் பதிவானது. பெரிய வாத்தியக் குழு இல்லை, ஸ்டீவ் குட்மனும் ஃபிடிலில் அண்ணன் டேவும் உடன் இருந்தார்கள். மூன்றே சுரக்கூட்டு (கார்ட்), மூன்று எண்ணிக்கைத் தாளம், ஊஞ்சல் ஆடுவதுபோல. வீட்டுத் திண்ணையில் கேட்பதுபோல இருக்கும். தான் செத்தால் சாம்பலைக் கிரீன் ஆற்றில் விடுங்கள் என்று கடைசிச் சரணத்தில் கேட்பார்.

ஆல்பம் வந்தபோது பெரிதாக விற்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மற்ற பாடகர்கள். 1972-இல் பெட் மிட்லர் 'ஹலோ இன் தேர்' பாடினார். 1974-இல் பானி ரெய்ட் 'ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கமரி'யைப் பதிவு செய்தார், பலர் அதை அவருடைய பாட்டென்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'பேரடைஸ்' ப்ளூகிராஸ் என்ற, பாஞ்சோவும் ஃபிடிலும் முன்னால் நிற்கும் கன்ட்ரி வகை இசைக் குழுக்களின் கையில் போய், யார் எழுதியது என்றே தெரியாமல் பாடும் அளவுக்கு ஊர்ச் சொத்தாகிவிட்டது.

அந்த மின் நிலையத்தின் கடைசி நிலக்கரி அலகு 2020 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 7-ஆம் தேதி, கொரோனா பாதித்து ப்ரைன் நாஷ்வில்லில் காலமானார். வயது 73. பாட்டில் கேட்டபடியே அஸ்தியில் பாதியைக் கிரீன் ஆற்றில் விட்டார்கள். மீதியைச் சிகாகோவில் அப்பா அம்மா பக்கத்தில் புதைத்தார்கள்.

அப்பா இந்த ஆல்பத்தைக் கடையில் பார்க்கவில்லை. வெளிவரும் முன்பே 1971-இல் இறந்துவிட்டார். ஆனால் 'பேரடைஸ்' அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. மகன் டேப்பைக் கொண்டுவந்து வீட்டில் ஓடவிட்டார். பாட்டு தொடங்கியதும் அப்பா எழுந்து பக்கத்து அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். ஏன் அப்படிப் போனீர்கள் என்று மகன் கேட்டதற்கு, பாட்டு ஜூக்பாக்ஸிலிருந்து வருவதாக நினைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன் என்றாராம்.